கலைஞ்சதா, கலைச்சதா? எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அக்காமார்களே, தங்கைகளே, அத்தைகளே, பெரியம்மாக்களே,

வணக்கம். நம் குழுவில் எட்டு வருஷம் ஊக்குநராக இருந்து தீர்மான நோட்டு எழுதியவள் எழுதுகிறேன். என் கையெழுத்து உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பெயரையும் குழுவின் பெயரையும் என் பெயரையும் இதில் போடவில்லை. தருமபுரிப் பக்கம் ஒரு ஊர், பதினைந்து பேர் உள்ள ஒரு குழு. படிக்கிற உங்களுக்கு நான் யாரென்று ரெண்டாவது பத்தியிலேயே தெரிந்துவிடும். வேறு ஊர்க்காரர்கள் தங்கள் ஊரென்று நினைத்துக்கொண்டு படிக்கட்டும், தப்பில்லை.

கூட்டத்திலேயே பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாசி மாதத்திலிருந்து மூன்று கூட்டத்தில் வாயெடுத்துப் பார்த்தேன். சேமிப்புப் பணம் எண்ணி, தவணை வசூலித்து, நோட்டில் கையெழுத்து வாங்கி முடிக்கும்போது மாடு கறக்கிற நேரம் வந்துவிடுகிறது. எல்லோரும் எழுந்து சேலையை உதறிக்கொண்டு கிளம்பிவிடுகிறீர்கள். உங்கள் மேல் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் தைரியம் வரவில்லை. எழுதும்போது யாரும் எழுந்து போக மாட்டார்கள் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

தை கடைசியில் நடந்த வளைகாப்பை நினைத்துப் பாருங்கள். பொண்ணை மனையில் உட்கார வைத்திருந்தோம். தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல். ஒவ்வொருத்தராகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னை மூன்றாவதாகவே கூப்பிட்டுவிட்டீர்கள். ரெண்டு பிள்ளை பெற்றவள், ரெண்டும் நல்லபடியாக இருக்கிறது, ராசியான கை என்று ஒரு அத்தை சத்தமாகவே சொன்னார். நானும் போய் அந்தப் பொண்ணு கன்னத்தில் சந்தனம் பூசி, வளையல் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

அதே நேரத்தில் பந்தலுக்குப் பின்னால் சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். பொண்ணு வீட்டுக்கு எதிர்வீட்டு மருமகள். காலையிலிருந்து காய் நறுக்கியது, தேங்காய் துருவியது எல்லாம் அவள்தான். வளையல் போடக் கூப்பிட ஆரம்பித்ததும் கரண்டியை வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நேர் எதிரே அது தெரிந்தது. ஒரு சின்னப் பெண், விவரம் தெரியாமல், "சித்தியக் கூப்பிடலையா?" என்று கேட்டது. "அவளுக்கு அங்க வேலை இருக்குது" என்று பதில் வந்தது. யார் சொன்னது என்று எழுத மாட்டேன். அவள் இன்னும் கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். அப்புறம் மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டாள்.

ஏன் கூப்பிடவில்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவள் கருவைக் கலைத்துக்கொண்டவள்.

நானும் கலைத்துக்கொண்டவள்தான். 2009இல். இதைச் சொல்லத்தான் இந்த மடல். இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரருக்கும், இப்போது உயிரோடு இல்லாத ஒரு ஆயாவுக்கும், அப்புறம் குழுவில் மூன்று பேருக்கும் தவிர யாருக்கும் தெரியாது.

அப்போது என் சின்னவனுக்குப் பத்து மாசம். பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பால் கொடுக்கிற வரைக்கும் மறுபடி நிற்காது என்று நமக்கு எல்லோரும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் அல்லவா, நானும் நம்பியிருந்தேன். பிரசவத்துக்குப் பிறகு தீட்டே வராததால் நாள் தள்ளிப்போனதும் தெரியவில்லை. காலையில் களி கிளறும்போது குமட்ட ஆரம்பித்த பிறகுதான் சந்தேகம் வந்தது. டவுனுக்குப் போய்ப் பார்த்தால் பதினோரு வாரம். வீட்டுக்காரர் பெங்களூரில் சென்ட்ரிங் வேலையில் இருந்தார். பெரியவளுக்கு மூன்று வயது. சின்னவனைச் சுமந்தபோதே ரத்தம் ஆறரைக்கு இறங்கி ஊசி மேல் ஊசி போட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். என்னால் முடியாது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால்கூடப் பொய்தான். டாக்டர் வாரக் கணக்கைச் சொன்னபோதே உடம்பு முடிவெடுத்துவிட்டது.

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் செய்ய மாட்டோம் என்றார்கள். அவருக்குப் போன் போட்டு, மேஸ்திரியிடம் லீவு கேட்டு, அவர் வந்து சேர நாலு நாள் ஆகிவிட்டது. அந்த நாலு நாளும் தண்ணீர்க் குடம் எடுத்தேன், மாட்டுக்குத் தீவனம் வெட்டினேன், உங்களோடு கூட்டத்தில் உட்கார்ந்து கணக்கும் எழுதினேன். செலவுக்குக் குழுவில்தான் உள்கடன் எடுத்தேன். ஐயாயிரம். தீர்மான நோட்டில் காரணம் எழுதுகிற இடத்தில் என் கையாலேயே "மருத்துவச் செலவு" என்று எழுதினேன். இன்றைக்கும் அந்தப் பக்கம் இருக்கிறது.

திரும்பி வந்ததும் மாமியாரிடம் கலைஞ்சு போச்சு என்று சொன்னேன். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் மூன்று சேர்ந்தது. சாத்துக்குடி, ரவை, ஒருத்தர் நாட்டுக்கோழி முட்டை பத்து. பெரியவளைத் தூக்கிக்கொண்டு போய் ரெண்டு நாள் உங்கள் வீட்டில் வைத்துச் சோறு ஊட்டினீர்கள். "உடம்பத் தேத்திக்க, அடுத்தது தங்கும்" என்று தலையைத் தடவினீர்கள். நான் அழுதேன். பிள்ளை போன துக்கம் என்று நினைத்தீர்கள். நான் அழுதது அதற்கு இல்லை. நிஜத்தைச் சொன்னால் இந்தக் கைகளில் எத்தனை கை என் தலையில் இருக்கும் என்று எண்ணிப் பார்த்து அழுதேன்.

எல்லோரும் போன பிறகு மேலத்தெரு ஆயா மட்டும் போகவில்லை. என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "கலைஞ்சதா, கலைச்சதா?" என்று கேட்டது. அதட்டிக் கேட்கவில்லை. சோறு தின்னியா என்று கேட்கிற மாதிரி கேட்டது. நான் பேசாமல் இருந்தேன். ஆயாவே, "எனக்கு ரெண்டு தடவ" என்றது. ஏழு பிள்ளைக்கு அப்புறமாம். முதல் தடவை எள்ளும் கருப்பட்டியும் இடித்துத் தின்று, பப்பாளிக்காய் தின்று ஒன்றும் ஆகாமல், கடைசியில் எருக்கங்குச்சி வைத்துக்கொண்டதாம். கூடவே இன்னொருத்தியும் வைத்துக்கொண்டாள், அவள் ஜன்னி கண்டு மூன்றாம் நாள் செத்துப்போனாள் என்று சொன்னது. அவள் வயிற்று வலியில் செத்தாள் என்றுதான் ஊரில் சொன்னார்களாம். "நீயும் யார்கிட்டயும் சொல்லாத" என்று சொல்லிவிட்டு ஆயா எழுந்து போனது.

ஆயாவின் அந்தத் தோழி செத்தது அறுபதுகளின் ஆரம்பத்தில் இருக்கும். 1860ஆம் வருஷத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவுதான் அப்போது நடப்பில் இருந்த சட்டம். கலைத்துவிடுகிறவர் மட்டுமல்ல, தானே கலைத்துக்கொள்கிற பெண்ணும் அதன்படி குற்றவாளி. நாடு முழுக்க இப்படிப் பெண்கள் செத்துக்கொண்டிருந்ததால்தான் 1964இல் அரசாங்கம் சாந்திலால் ஷா தலைமையில் ஒரு குழு போட்டது. அந்தக் குழு 1966இல் அறிக்கை கொடுத்தது. 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் வந்து, அடுத்த வருஷம் ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. நான் பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னாடியே.

ஆனால் அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு 2019இல் ஒரு பயிற்சி முகாமில்தான் தெரிந்தது. பதினெட்டு வயது முடிந்த பெண்ணுக்கு அவள் கையெழுத்து ஒன்றே போதும். புருஷன் கையெழுத்தோ மாமியார் சம்மதமோ சட்டத்தில் எங்கும் கேட்கப்படவில்லை. 1971லிருந்தே அப்படித்தான். நான் நாலு நாள் காத்திருந்தேனே, அதற்குச் சட்டத்தில் காரணமே கிடையாது. அன்றைக்கு முகாமில் நூறு பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து இதைக் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லக்கூட முடியவில்லை. சொன்னால் ஏன் எரிகிறது என்று கேட்பாள்.

சரி, இப்போது எதிர்வீட்டு மருமகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளிடம் கேட்டு, அவள் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அவளுக்கு நேர்ந்தது குழாயடியில். நாள் தள்ளிப்போனதும் அவள் ஒழுங்காக நர்சம்மாவிடம் சொல்லிப் பதிந்து, கர்ப்பத்தைப் பதிந்தால் கொடுக்கிற பிக்மி நம்பர் வாங்கியிருந்தாள். பதிந்துவிட்டால் அடுத்த செக்கப் எப்போது, ரத்தம் எவ்வளவு என்று நர்சம்மா கேட்டுக்கொண்டுதான் இருப்பார். அது அவர் வேலை. அன்றைக்கு எட்டு மணித் தண்ணீருக்குக் குடம் வரிசையில் நின்றிருந்தபோது வண்டியை நிறுத்தி, "என்னம்மா, இந்த மாசம் வரலியே?" என்று கேட்டுவிட்டார். அவள், "கலைச்சுட்டேன் சிஸ்டர்" என்றாள். அவ்வளவுதான். குடத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் தவிர ஒரு சத்தம் இல்லை என்று அன்றைக்கு அங்கே இருந்தவர் ஒருவர் என்னிடம் சொன்னார்.

"கலைஞ்சு போச்சு" என்று அவள் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கும் ஹார்லிக்ஸ் பாட்டில் போயிருக்கும். நம் பேச்சில் ரெண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம். தானாகப் போனால் பாவம், பொறுத்துக்கணும். நாமாகக் கலைத்தால் பாவி. நாம் பெண்கள் இந்த ஒரு எழுத்தை மாற்றிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்திருக்கிறோம். அதையும் சொல்லக் கூசினால் வேறு வார்த்தை வைத்திருக்கிறோம். வயித்தைச் சுத்தம் பண்ணிட்டு வந்தேன். மாத்திரை போட்டு வரவெச்சுக்கிட்டேன். டி அண்ட் சி பண்ணச் சொல்லிட்டாங்க. "சொல்லிட்டாங்க" என்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது, யாரோ சொன்னார்கள், நான் செய்யவில்லை என்று. அந்தப் பொண்ணுக்கு இந்த வார்த்தை எதுவும் தெரிந்திருக்கவில்லை, இல்லை தெரிந்தும் சொல்லவில்லை. நான் கேட்டபோது, "எதுக்குக்கா பொய் சொல்லணும், நான் திருடினேனா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

குழாயடிக்கு மறுநாளே இன்னொரு பேச்சு கிளம்பியது. "ஸ்கேன் பாத்திருப்பா, பொட்டப்புள்ளைன்னு தெரிஞ்சிருக்கும்." இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். நம் மாவட்டத்துக்கு அந்தக் கறை உண்டு, இல்லை என்று சொல்லக் கூடாது. பெண் குழந்தையைக் கொன்றுவிடுகிறார்கள் என்று 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்து, 2001இல் நம் மாவட்டத்துக்கும் வந்தது. ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க 1994இல் தனிச் சட்டமே வந்தது. அப்படியும் திருட்டுத்தனமாக ஸ்கேன் மெஷின் வைத்துக்கொண்டு பார்த்துச் சொன்ன கும்பல்கள் நம் பக்கத்திலேயே பிடிபட்டிருக்கின்றன. அதற்கு எதிராக நம் குழுவே ஊர்வலம் போயிருக்கிறது. முன்வரிசையில் பதாகை பிடித்தவள் நான். பெண் என்பதற்காக அழிப்பது கொடுமை, அதில் என் மனசு இன்றைக்கும் மாறவில்லை.

ஆனால் அந்தப் பொண்ணுக்கு அப்போது எட்டு வாரம். எட்டு வாரத்தில் ஸ்கேன் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியாது. பதிந்த தேதி நர்சம்மா ஏட்டில் இருக்கிறது. ஆனால் அவள் ஏன் அந்த ஏட்டைக் காட்டி நமக்கு நிரூபிக்க வேண்டும்? "ஆணா பெண்ணா எனக் கண்டறிவது சட்டப்படி குற்றம்" என்று ஆஸ்பத்திரிச் சுவரில் போர்டு மாட்டியிருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துக் கலைப்பதே சட்டவிரோதம் என்று நம்மில் பாதிப் பேர் நம்பிவிட்டோம். குற்றம் பாலினம் பார்ப்பது. ஒரு பெண் தனக்கு இந்தக் கரு வேண்டாம் என்று டாக்டரிடம் போவது குற்றமில்லை. ஊர்வலத்தில் நாம் போட்ட கோஷத்தில் இந்த ரெண்டையும் பிரித்துச் சொல்லவில்லை. அது என் தப்பும்தான், கோஷம் எழுதிக்கொடுத்ததே நான்.

அவள் ஏன் கலைத்தாள் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். என் காரணத்தை மேலே எழுதினேன், ரத்தம் இல்லை, கைக்குழந்தை இருந்தது என்று. படிக்கும்போது "அப்படின்னா சரிதான், பாவம்" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்குப் பயமாக இருப்பது அதுதான். நம் மனசுக்குள் ஒரு தராசு இருக்கிறது. ரத்தம் இல்லை என்றால் சரி. ரெண்டு பிள்ளை இருக்கிறது என்றால் பரவாயில்லை. படிக்கப் போகிறாள் என்றால் திமிர். வேலைக்குப் போக வேண்டும் என்றால் பேராசை. கல்யாணமே ஆகாதவள் என்றால் பேச்சே கிடையாது. உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29ஆம் தேதி சொன்ன தீர்ப்பில், கல்யாணம் ஆனவள் ஆகாதவள் என்று இந்த விஷயத்தில் பேதம் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. புருஷனே பலவந்தம் செய்து உண்டான கருவையும் இந்தச் சட்டத்தின் கண்ணில் வன்புணர்ச்சியால் உண்டானதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. இந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு ஒருத்தி என் தோளில் சாய்ந்து அழுதிருக்கிறாள். காரணம் சொல்லு என்று அவளிடம் எந்த வாயால் கேட்பது?

குழுவில் மூன்று பேருக்குத் தெரியும் என்று சொன்னேன் அல்லவா. அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவர்கள் வந்து சொன்னார்கள், நானும் சொன்னேன். ஊக்குநராக இருந்தபோது உள்கடன் கேட்டு வருவார்கள். காரணம் என்ன எழுத என்று கேட்டால் தலையைக் குனிவார்கள். வெவ்வேறு வருஷத்தில், தனித்தனியாக. மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "நம்ம ஊர்ல யாரும் இப்படிப் பண்ணிருக்க மாட்டாங்க." என்னோடு சேர்த்தால் பதினைந்தில் நாலு. ஒருத்திக்கு மற்றவளைத் தெரியாது. அவர்கள் யார் என்று நான் சாகும்வரை சொல்ல மாட்டேன். ஆனால் வாராவாரம் ஒரே பாயில் முழங்கால் இடிக்க உட்காருகிற பெண்கள், ஆளாளுக்குத் தான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு கணக்கு எழுதுவது எனக்கு அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை.

அந்த மூன்று பேரில் ஒருத்தி தானாக விரும்பிக் கலைக்கப் போகவில்லை. அவளுக்கு அந்தப் பிள்ளை வேண்டும் என்று இருந்தது. வீட்டில் பேசி முடித்து வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வாய் மூடி இருக்கிற பழக்கம் அந்த வீட்டாருக்குத்தான் உதவியாக இருந்தது. வேண்டாம் என்பவளும் பேச முடியவில்லை, வேண்டும் என்பவளும் பேச முடியவில்லை. அந்த வீட்டாரிடம் போய் நாம் நாலு பேராக நின்று கேட்டிருந்தால் நடந்திருக்குமா? அவள் சம்மதம் இல்லாமல் கலைப்பதும் சட்டப்படி குற்றம்தான். அவளுக்கு அது நடந்து ஒரு வருஷம் கழித்துத்தான் எனக்கே இது தெரிந்தது.

இந்தியா முழுக்க 2015இல் மட்டும் 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்பு நடந்திருக்கும் என்று ஆராய்ச்சி செய்து 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்கிற மருத்துவ இதழில் போட்டார்கள். அவர்கள் கணக்கெடுத்த ஆறு மாநிலத்தில் தமிழ்நாடும் ஒன்று. அதில் பெரும்பாலானவை ஆஸ்பத்திரிக்கு வெளியே, மாத்திரை வாங்கிப் போட்டு நடந்தவை. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை பேரில் எத்தனை பேர் என்னைப் போல மாமியாரிடம் ஒரு எழுத்தை மாற்றிச் சொல்லியிருப்பார்கள்?

பாவம் என்று மனசார நம்புகிற அத்தைகள் குழுவில் இருக்கிறார்கள். உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஒரு ஜோசியர் என் ஜாதகத்தைப் பார்த்து சிசு தோஷம் இருக்கிறது என்று சொன்னார். ஒரு வருஷம் வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலில் நெய்விளக்குப் போட்டவள் நான். எதற்கு என்று கேட்டபோது பெரியவள் படிப்புக்கு என்றேன். அம்மன் முன்னால் நின்று அழுததும் உண்டு. ஒருநாளும் அம்மன் என்னை வெளியே போ என்று சொன்னதாகத் தோன்றவில்லை. உங்கள் நம்பிக்கை உங்களுக்கு இருக்கட்டும். உங்கள் மருமகளைக் கலைக்கச் சொல்லி யாரும் கேட்கப்போவதில்லை. கலைத்துக்கொண்டவளைச் சோற்று அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்க வைக்காதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

நடைமுறையாகச் சில விஷயம் கேட்கிறேன், தீர்மானம் போட வேண்டும் என்றுகூட இல்லை. உள்கடனுக்கு "மருத்துவச் செலவு" என்று ஒருத்தி சொன்னால் அதோடு விட்டுவிடுவோம். என்ன மருத்துவம், எந்த ஆஸ்பத்திரி என்று கூட்டத்தில் கேட்பதை நிறுத்துவோம். நர்சம்மாவிடம் நானே பேசிவிட்டேன், இனிமேல் தெருவில் கேட்காமல் வீட்டுக்குள் வந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அவரும் வருத்தப்பட்டார். ஒரு பெண்ணின் விவரத்தை வெளியே சொன்னால் ஒரு வருஷம் வரை சிறை என்று 2021 திருத்தத்தில் வந்திருக்கிறது. அது டாக்டர்களுக்கு எழுதிய விதி. குழாயடிக்குச் சட்டம் போட முடியாது, நாமாகத்தான் வாயைக் காக்க வேண்டும். ஒருத்தி தன் கதையைச் சொல்லாமல் இருக்க நினைத்தால் அது அவள் உரிமை, யாரையும் பேசு பேசு என்று இழுக்க வேண்டாம். பேச நினைக்கிறவளுக்கு இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம், துணைக்குப் போவது. தனியாகப் போகிறவள்தான் மெடிக்கலில் யாரோ சொன்ன மாத்திரையை வாங்கிப் போட்டு, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ரத்தத்தில் கிடக்கிறாள். டாக்டர் பார்த்து, கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறதா என்று உறுதி செய்து கொடுத்தால் ஒன்பது வாரத்துக்குள் மாத்திரையிலேயே முடிகிற விஷயம். இருபது வாரம் வரை ஒரு டாக்டர் முடிவு செய்தால் போதும். அதற்கு மேல் இருபத்து நாலு வாரம் வரை சிலருக்கு மட்டும் ரெண்டு டாக்டர். பெரிய அரசு ஆஸ்பத்திரியில் காசு கிடையாது. காப்பர்-டி போட்டால்தான், குடும்பக் கட்டுப்பாடு செய்தால்தான் இதைச் செய்வோம் என்று யாராவது சொன்னால் அப்படிச் சட்டம் இல்லை என்று பக்கத்தில் நின்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். நான் போகிறேன். ராத்திரி என்றாலும் கதவைத் தட்டுங்கள். பஸ் ஏறி வருகிறேன். யாரிடமும் சொல்ல மாட்டேன், அது உங்களுக்கே தெரியும், பதினைந்து வருஷமாகச் சொல்லவில்லை.

1989இல் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் தமிழ்நாட்டிலேயே முதலில் மகளிர் குழு தொடங்கியது என்று நாம் பெருமையாகச் சொல்வோம். அப்போது வீட்டை விட்டு வெளியே வந்து பேங்க்கில் கையெழுத்துப் போட்ட பெண்களை ஊர் என்னென்ன பேசியது என்று மூத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒருத்தியைப் பேசினால் பத்துப் பேர் சேர்ந்து போய் நின்றார்களாம். அப்படி நிற்கத் தெரிந்த பெண்கள்தான் நாம். வளைகாப்பு அன்றைக்கு நான் மட்டும் எழுந்து அவள் கையைப் பிடித்து மனைக்குக் கூட்டிக்கொண்டு வந்திருந்தால்கூடப் போதும். நான் உட்கார்ந்துகொண்டேயிருந்தேன். கையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்தது. எழுந்தால் என்னையும் கேட்பார்களோ என்று நினைத்தேன். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லக்கா" என்றாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே. முகத்தைத் திருப்பவில்லை.

ஆவணி கடைசியில் நம் பிரதிநிதி அக்காவின் பொண்ணுக்கு வளைகாப்பு வைத்திருக்கிறீர்கள். பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தீர்கள், சந்தோஷம். முதல் வளையல் போட எதிர்வீட்டு மருமகளைக் கூப்பிடுங்கள். அவள் வருவாளா என்று கேட்டேன், கூப்பிட்டால் வருவேன் என்றாள். என்னையும் கூப்பிடுவதாக இருந்தால் இந்த மடலைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். காலையில் காய் நறுக்க நான் வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய ஊக்குநர்